குழந்தையுடன் கடல் கடந்தோர்
பிஜித் தீவில் நம்மவர் குடியேறிய வரலாறு

நமது சங்கத்தின் பூஜைகளுக்கும் திருவிழாக்களுக்கும் வருகை தரும் அன்பர்களை மூன்று பிரிவினராகக் கூறலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், இலங்கையிலிருந்து வந்தவர்கள், பிஜித் தீவிலிருந்து வந்தவர்கள். முதல் இரு பிரிவினரும் ஒருவரையொருவர் ஓரளவு அறிவர். மூன்றாம் பிரிவினரைப் பற்றி மற்ற இருவரும் அறிந்தது மிகக் குறைவு. முனுசாமி, கோவிந்தன், மாரியம்மா என்று பெயர் இருக்கிறது, நெற்றியில் திருநீறு இருக்கிறது, தீமிதிக்கு எல்லோரிலும் முன்னே நிற்கிறார்கள், ஆனால் பேச்சு மட்டும் இந்தியாக இருக்கிறதே, ஏன் என்று சிலர் கேட்கிறார்கள். பிரசாத வரிசையில் கேட்கப்படும் இக்கேள்வி கேட்பவருக்குச் சாதாரணம். கேட்கப்படுபவருக்கு அப்படியன்று. ஆகவே அதற்கு விடையாக அமையும் சரித்திரத்தை இங்கே சுருக்கமாக எழுத முற்படுகிறேன். மருத்துவத் தொழிலில் இருப்பவன் ஆதலால், குடும்பம், குழந்தை, நோய் ஆகிய விஷயங்களைச் சற்று விரிவாகச் சொல்வேன்.

நோயில் தொடங்கிய கதை

பிஜித் தீவுகள் 1874-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டன. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே சிட்னியிலிருந்து திரும்பிய கப்பல் ஒன்றின் மூலம் தட்டம்மை அங்கே புகுந்தது. அந்நோயை அதுவரை கண்டிராத ஜனங்களின் உடலில் எதிர்ப்புச் சக்தி சிறிதும் இருக்கவில்லை. சில மாதங்களுக்குள் சுமார் 40,000 பேர், அதாவது தீவின் மக்களில் நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேற்பட்டோர், மாண்டனர்.

அங்கு கவர்னராக வந்த சர் ஆர்தர் கார்டன் அதற்கு முன் டிரினிடாடிலும் மொரீஷியசிலும் ஆட்சி செய்தவர். அவ்விரு தீவுகளிலும் கரும்புத் தோட்டங்களில் இந்தியர்கள் வேலை செய்வதைக் கண்டவர். நோயால் நலிந்த பிஜி மக்களைத் தோட்ட வேலைக்கு இழுத்தால் அவர்கள் இனமே அழிந்துவிடும் என்று அவர் எண்ணினார். ஆனால் சர்க்காருக்கு வருமானம் வேண்டும். கரும்புக்கு ஆள் வேண்டும். எனவே இந்தியாவிலிருந்து ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆட்களைக் கொண்டுவர ஏற்பாடு செய்தார். ஒரு தீவில் பரவிய தட்டம்மை, பல ஆயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்த கிராமத்துக் குடும்பங்களின் விதியை இவ்வாறு மாற்றியது.

முதற்கப்பலான 'லியோனிடாஸ்' கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு 1879 மே 14-ஆம் தேதி லெவுகா துறைமுகத்தை அடைந்தது. அதில் காலராவும் பெரியம்மையும் கண்டிருந்தமையால், வந்தவர்களை ஊருக்குள் விடாமல் தனியே ஒதுக்கி வைத்தனர். 1884 மே 11-ஆம் தேதி 'சிரியா' என்ற கப்பல் நசிலாய் பவளப்பாறையில் மோதி உடைந்து, 59 பேர் உயிரிழந்தனர். அன்று மீட்புப் படகுகளுடன் சென்று தாமே அலைகளில் இறங்கிப் பலரைக் கரை சேர்த்தவர் வில்லியம் மக்கிரகர் என்ற டாக்டர். பிஜியின் தலைமை வைத்திய அதிகாரியாக இருந்த அவருடைய பெயரை மருத்துவர்கள் மறத்தலாகாது.

சென்னைத் துறைமுகத்திலிருந்து

முதல் 24 ஆண்டுகள் கப்பல்கள் யாவும் கல்கத்தாவிலிருந்தே சென்றன. 1903-ஆம் ஆண்டு முதல் சென்னையிலிருந்தும் ஆட்கள் அனுப்பப்பட்டனர். வட ஆற்காடு, சென்னை, தஞ்சாவூர், கோயம்புத்தூர் ஜில்லாக்களிலிருந்து தமிழரும், கிருஷ்ணா, கோதாவரி, விசாகப்பட்டினம் பகுதிகளிலிருந்து தெலுங்கரும், மலபாரிலிருந்து மலையாளிகளும் போயினர். 1916-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கடைசிக் கப்பல் வரும் வரையில் பிஜிக்குச் சென்றவர்கள் மொத்தம் ஏறத்தாழ 60,500 பேர். இவர்களில் சுமார் நான்கில் ஒரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள்.

ஆள் சேர்ப்பவர் காட்டிய நிபந்தனைத் தாள் இன்றும் கிடைக்கிறது. அந்த 'அக்ரிமெண்ட்' என்ற சொல்லே மருவி 'கிர்மிட்' ஆயிற்று. போனவர்கள் 'கிர்மிட்டியர்' எனப்பட்டனர். குழந்தையுடன் இருக்கும் ஒரு தகப்பனார் அதைப் படிக்கக் கேட்டிருந்தால் அவர் மனம் சற்று ஆறுதல் அடைந்திருக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை ஒன்பது மணி நேர வேலை, சனிக்கிழமை ஐந்து மணி. ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டணா. பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ், அதாவது ஒன்பதணா. வாடகையில்லாத வீடு. நோயுற்றால் ஆஸ்பத்திரி, மருந்து, உணவு யாவும் இலவசம். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முதல் ஓராண்டு அரைப்பங்கு உணவு இலவசம். ஐந்து வயதும் அதற்குட்பட்டதுமான குழந்தைக்கு அதே ஓராண்டு தினமும் ஒன்பது சட்டாங்கு பால். சட்டாங்கு என்பது சேரில் பதினாறில் ஒரு பங்கு. ஆக, ஏறக்குறைய அரை லிட்டர் பால். பத்தாண்டு கழித்துத் திரும்பிவரக் கப்பற்கட்டணமும் இலவசம்.

பஞ்சமும் கடனும் வாட்டிய குடியானவனுக்கு இது குறைவான வாக்குறுதியா? ஆனால் அந்தத் தாளில் கண்டதற்கும் நடைமுறைக்கும் வேறுபாடு இருந்தது. கூலி பெரும்பாலும் நாட்கணக்கில் தரப்படவில்லை. அளந்துவிட்ட வேலையை முடித்தால்தான் முழுக்கூலி. அந்த அளவை நிர்ணயிப்பவர் தோட்டத்துத் துரை. வேலைக்கு வராவிட்டால் அது வெறும் சம்பளப் பிடித்தத்தோடு முடியாது. கோர்ட்டில் நிறுத்தி அபராதமோ சிறையோ விதிக்கலாம். பிஜி எவ்வளவு தூரம் என்பதும் அதில் இல்லை. நீராவிக் கப்பலில் ஏறத்தாழ ஒரு மாதம். பாய்க்கப்பல் காலத்தில் அதனினும் இரு மடங்குக்கு மேல்.

கப்பலிலும் தனித்தீவிலும்

புறப்படுமுன் துறைமுக டிப்போவில் வைத்தியப் பரிசோதனை நடந்தது. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எண்ணிக்கை நிரம்பும் வரையில் கப்பல் காத்திருக்கும். இதனால் டிப்போவிலேயே முன்பின் அறியாத இருவர் தம்பதிகளாகப் பதிவு செய்துகொண்டதும் உண்டு. சாதி, ஊர், உறவு எல்லாம் கரையிலேயே நின்றுவிட்டன. கப்பலில் எல்லோரும் ஒரே அடுக்கில் படுத்து, ஒரே சமையலை உண்டனர். ஒரே கப்பலில் வந்தவர்கள் 'ஜஹாஜி' என்ற உறவு கொண்டாடினர். கடலில் பிறந்த அந்த உறவைப் பின்னர் அண்ணன் தம்பி உறவாகவே போற்றினர்.

ஒவ்வொரு கப்பலிலும் ஒரு டாக்டர் இருந்தார். அவருக்கு ஊதியம், உயிரோடு கரையிறங்கும் தலைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கொடுக்கப்பட்டது. இது கொடுமையான கணக்காகத் தோன்றினாலும் பயணிகளின் உயிருக்கு அதில் ஓரளவு பாதுகாப்பு இருந்தது. ஆயினும் நெருக்கமான அடித்தட்டில் தட்டம்மை, பேதி, மார்ச்சளி இவை வந்தால் முதலில் போவது கைக்குழந்தைகள்தாம்.

பின்னாட்களில் கப்பல்கள் சுவாவுக்கு அருகிலுள்ள நுகுலாவு என்னும் சிறுதீவில் ஆட்களை இறக்கின. அங்கே நோய்க்காவலில் வைத்துப் பார்த்து, பிறகு தோட்டங்களுக்குப் பங்கிட்டனுப்பினர். தோட்டங்களில் பெரும்பான்மை, சிட்னியைத் தலைமையிடமாகக் கொண்ட கொலோனியல் சுகர் ரிபைனிங் கம்பெனிக்குச் சொந்தமானவை.

பத்தடிக்கு ஏழடி

தாளில் கண்ட வாடகையில்லாத வீடு 'லைன்' எனப்பட்டது. ஒரு நீண்ட கொட்டகை. முதுகோடு முதுகாக இரு வரிசை அறைகள். ஓர் அறை பத்தடிக்கு ஏழடி. அதில் மூன்று ஒற்றை ஆண்கள், அல்லது கணவன் மனைவியும் இரு குழந்தைகளும். இடைச்சுவர் கூரை வரை எட்டாது. ஒரு அறையில் குழந்தை அழுதால் எல்லா அறைகளுக்கும் கேட்கும். சமையல், விறகு, மண்வெட்டி, படுக்கை யாவும் அதற்குள்ளேயே.

இந்த இடத்தில்தான் நமது பாட்டிமார் பிள்ளை பெற்றனர். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையை வேறொரு கிழவியிடம் விட்டோ வயல் வரப்பில் துணி விரித்துக் கிடத்தியோ வேலைக்குப் போயினர். தாய்ப்பால் நேரத்துக்குக் கிடையாது, பசும்பால் ஓராண்டுக்குப்பின் விலைக்கு, குடிநீரோ தூய்மையற்றது. வயிற்றுப்போக்கும் மார்ச்சளியும் சிசுக்களைக் கொண்டுபோயின. ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடந்தவர்களுக்குக் கொக்கிப்புழு பற்றி இரத்தம் வற்றியது. சோகை பிடித்த தாய்க்குப் பிறக்கும் குழந்தை எவ்வளவு எடை இருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அந்தத் தாய் வேலையை முடிக்காதபோது, 'சோம்பேறி' என்று புத்தகத்தில் எழுதப்பட்டது.

இந்து முறைப்படி நடந்த கல்யாணம் சர்க்காரில் பதியப்படாவிட்டால் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே அன்று. பெண்கள் குறைவு, மூன்று ஆண்களுக்கு ஒரு பெண் கூட இல்லாத லைன்களும் இருந்தன. சண்டையும் கொலையும் தற்கொலையும் மலிந்தன. 1915-ல் பிஜி சென்று பார்த்த தீனபந்து ஆண்ட்ரூஸ், பியர்சன் ஆகியோரின் அறிக்கை இந்த அவலங்களை வெளியுலகுக்குக் காட்டியது. அத்தோட்டங்களில் துயருற்ற பெண்களுக்காக மகாகவி பாரதியார் பாடியதையும் நாம் அறிவோம். இந்தியாவில் எழுந்த கிளர்ச்சியின் பயனாக ஆள் அனுப்புவது நின்றது. மீதமிருந்த ஒப்பந்தங்களும் 1920 ஜனவரி முதல் தேதியோடு ரத்தாயின.

இவ்வளவுக்கும் நடுவே தீவில் ஒரு நற்பேறும் இருந்தது. பிஜியில் மலேரியா கிடையாது. அதைப் பரப்பும் அனோபிலிஸ் கொசுவே அங்கில்லை. இலங்கையிலும் மலேயாவிலும் தோட்டத்து மக்களை வாரிக்கொண்டு போன காய்ச்சல் இங்கே தொடவில்லை. ஆகவே லைன் வாழ்க்கை முடிந்து, சொந்தக் குடிசையும் ஒரு கறவை மாடும் காய்கறித் தோட்டமும் வந்தவுடன் பிள்ளைகள் பிழைத்து வளர்ந்தனர். 1946-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் இந்தியர் தொகை பிஜியரையும் விஞ்சியது.

தமிழ் எங்கே போயிற்று?

இனி நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். தமிழர் போய்ச் சேருமுன் கால் நூற்றாண்டுக் காலம் வட இந்தியர் அங்கே இருந்தனர். லைனின் மொழி இந்தி. கங்காணி வேலை பார்த்த சர்தாரின் உத்தரவு இந்தி. கடை, கோர்ட், ஆஸ்பத்திரி எங்கும் இந்தி. தெற்கத்தியாரைத் 'மதராஸி' என்று ஏளனம் செய்தனர். வேலையளவை விளங்கிக்கொள்ளாவிட்டால் கூலி போகும் என்ற நிலையில், அந்த மொழியைக் கற்பது உயிர்பிழைக்கும் வழியாயிற்று. தமிழ்த் தகப்பனும் தெலுங்குத் தாயும் சேர்ந்த வீட்டிலும் பிள்ளையின் பேச்சு இந்தியாகவே அமைந்தது. ஆகவே இவர்கள் மொழியை அலட்சியத்தால் விட்டவர்கள் அல்லர்.

விட்டதைவிடக் காத்தது பெரிது. எழுதப் படிக்கத் தெரியாத அவர்கள், மாரியம்மன் கரகத்தையும் தீமிதியையும் முருகன் காவடியையும் தெருக்கூத்தையும் நினைவிலேயே கொண்டு சென்று நிலைநாட்டினர். 1926-ல் சாது குப்புசாமி அவர்களின் முயற்சியால் நாடியில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் உருவாயிற்று. ராமகிருஷ்ண மடத்திலிருந்து 1937-ல் சுவாமி அவிநாசானந்தரும், 1939-ல் சுவாமி ருத்ரானந்தரும் வந்து துணை நின்றனர். கரும்புக் கூலியில் மிச்சம் பிடித்த காசில் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. தமிழும் தெலுங்கும் போதிக்கப்பட்டன. பின்னாளில் லம்பாசாவில் செவிலியர் பயிற்சிக் கல்லூரியும் அச்சங்கத்தால் தொடங்கப்பட்டது. தூய பாலுக்கும் நல்ல மருத்துவச்சிக்கும் ஏங்கிய பாட்டிமாரின் சந்ததியார் செவிலியர்களை உருவாக்கியது எனக்கு மிகவும் பெருமையாகத் தோன்றுகிறது. நாடியில் ஸ்ரீ சிவசுப்ரமணிய சுவாமிக்குத் திராவிடச் சிற்ப முறையில் எழுப்பிய புதிய ஆலயத்துக்கு 1994-ல் கும்பாபிஷேகம் நடந்தது.

மீண்டும் ஒரு கடல்

1987 மே 14-ஆம் தேதி பிஜியில் ராணுவப் புரட்சி நடந்தது. லியோனிடாஸ் வந்து சேர்ந்த அதே தேதி. சரியாக 108 ஆண்டுகள். அதன் பின்னும், 2000-ஆம் ஆண்டுக் குழப்பத்தின் பின்னும், குத்தகை நிலங்கள் கைமாறியபோதும், பல்லாயிரவர் சிறு பிள்ளைகளுடன் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா நாடுகளுக்குப் புறப்பட்டனர். நம்மோடு வரிசையில் நிற்பவர்கள் அவர்கள்தாம். இலங்கை அன்பர்களுக்கு இந்த அனுபவத்தை விளக்க வேண்டியதில்லை. 2023 முதல் பிஜி அரசாங்கம் கிர்மிட் நாளைப் பொது விடுமுறையாக அனுஷ்டித்து வருகிறது.

அங்கத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கிர்மிட்டியருக்கும் ஒரு குடியேற்றப் பாஸ் எழுதப்பட்டது. பெயர், தகப்பனார் பெயர், வயது, ஜில்லா, கிராமம், உயரம், உடலிலுள்ள மச்சம் வரை அதில் உண்டு. அவை சுவாவில் உள்ள பிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கல்கத்தா வழியே சென்ற சுமார் 45,000 பேரின் பாஸ்களை ஆராய்ந்து காலஞ்சென்ற பேராசிரியர் பிரிஜ் லால் 1983-ல் 'கிர்மிட்டியாஸ்' என்ற நூலை வெளியிட்டார். சென்னை வழியே போன நம்மவரின் பாஸ்களை அவரவர் குடும்பத்தார் தேட வேண்டும். அதற்குக் கப்பலின் பெயரும் தாத்தாவின் பெயரும் தெரிந்திருத்தல் நலம். அவற்றைச் சொல்லக்கூடிய முதியோர் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கின்றனர். பிள்ளைகள் அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிவைக்கட்டும். இந்தியில் சொன்னாலும் எழுதிக்கொள்ளட்டும். கிராமத்தின் பெயர் கிடைத்தால், அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துக் கொடுக்கத் தமிழ்நாட்டு அன்பர்கள் உதவலாம்.

ஞாயிறு தமிழ் வகுப்பில் சேர விரும்பும் பிஜிப் பிள்ளைகளை, அவர்கள் தாய்மொழியைத் தொலைத்தவர்களாக எண்ணாமல், நான்கு தலைமுறைக்குப் பின்னும் அதைத் தேடி வருபவர்களாக எண்ணி வரவேற்போமாக. எல்லாம் வல்ல முருகப்பெருமான் திருவருள் முன்னிற்க.