நிரலின் நிறம்: அல்கால் 60 முதல் உலாவி வரை

நிரலின் சொற்களை வேறுபடுத்திக் காட்டும் வழக்கம் கணினித் திரைக்கு முன்பே அச்சில் வேரூன்றியது. 1960இல் வெளியான அல்கால் 60 அறிக்கையில் ‘பிகின்’, ‘எண்ட்’ முதலிய சொற்கள் தடித்த எழுத்தில் அமைந்தன. அத்தடிமன் அலங்காரமன்று, அச்சொல் எழுத்துகளின் கோவையாக அல்லாமல் தனியொரு குறியீடாகவே கொள்ளப்படும் என அறிக்கை வரையறுத்தது. 1980களில் டொனால்ட் நூத்தின் வெப் முறையில், வீவ் என்னும் நிரலே எழுத்துருக்களைத் தீர்மானித்தது. வகைப்படுத்தும் பொறுப்பு மனிதரிடமிருந்து கருவிக்கு இவ்வாறு நகர்ந்தது.

இணையப் பகிர்வுக்கான கருவிகள் இப்பொறுப்பை வெவ்வேறாகக் கையாளுகின்றன. 2006இல் வெளியான பிக்மென்ட்ஸ், பக்கம் வெளியாகுமுன்பே நிரலைச் சொற்கூறுகளாகப் பிரித்து அவ்வகைப்பாட்டைப் பக்கத்திலேயே பதித்துவிடுகிறது. அதே ஆண்டில் இவான் சகலாயேவ் தொடங்கிய ஹைலைட்.ஜேஎஸ், பெரும்பாலும் வாசகரின் உலாவியில் இயங்குவது. மொழி குறிப்பிடப்படாவிடில் தானே ஊகிக்கும். லீ வெரூ 2012இல் வெளியிட்ட பிரிசம், மொழியை ஆசிரியரே அறிவிக்க வேண்டும் என்கிறது.

இவ்வேறுபாடு சிறிதன்று. ‘//’ என்னும் குறி சி மொழியில் கருத்துரையின் தொடக்கம், பைதானில் வகுத்தல். சில வரிகளே கொண்ட பைதான் துணுக்கைக் கருவி சி எனக் கொண்டால், வகுத்தலுக்குப் பின்வரும் கணக்கு கருத்துரையின் சாம்பல் நிறத்தில் மங்கும். மாணவர் அதனைப் படியாமலே கடந்துசெல்லக்கூடும். நிரல் பிழையற்றதாயினும் வாசிப்பு பிழைபடுகிறது.

நிறமிடுதலும் ஓர் உரைவிளக்கமே. மொழியின் பெயரை அறிவித்துப் பகிர்வது அவ்விளக்கத்துக்கு ஆசிரியர் பொறுப்பேற்பதாகும்.