பெருநிறுவனங்களின் சிறுவாசல்

வணிகப் படங்களால் செழித்த ஹாலிவுட் நிறுவனங்கள் கலைப்படங்களுக்கெனத் தனிப்பிரிவுகள் கண்டன. சோனி 1992இல், ஃபாக்ஸ் 1994இல். குறைந்த முதலீடு, சில நகரங்களில் மட்டும் முதல் வெளியீடு, விருதுகளால் பெருகும் பார்வையாளர் என்பதே அவற்றின் கணக்கு.

ஜெமினி, ஏவி.எம்., மாடர்ன் தியேட்டர்ஸ் ஆண்ட தமிழகத்தில் அத்தகைய பிரிவு வேர்கொள்ளவில்லை. அவ்விடத்தை அரசே ஓரளவு நிரப்பிற்று. 1960இல் தோன்றிய திரைப்பட நிதிக் கழகம் 1980இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைந்தது. இந்திரா பார்த்தசாரதியின் 'உச்சி வெயி'லைச் சேதுமாதவன் 'மறுபக்கம்' ஆக்கியது அக்கழகத்தின் பணத்தில்தான். 1990ஆம் ஆண்டுக்கான தங்கத் தாமரையை வென்ற முதல் தமிழ்ப்படம் அது. எழுத்தாளர் பூமணி 'கருவேலம்பூக்கள்' எடுத்ததும் அங்கேதான். ஆயினும் படமெடுக்க வழிகண்ட கழகத்தால் கொட்டகைகளை வசப்படுத்த இயலவில்லை. பூலாம்பாடி வாசகர் அக்கதையைப் படித்திருப்பர். படத்தைத் திரையில் கண்டவரைத் தேடத்தான் வேண்டும்.

பின்னர் வணிக வெற்றி கண்ட கலைஞர்களே இப்பணியை ஏற்றனர். பிரம்மாண்டத்துக்குப் பேர்போன ஷங்கர், எஸ் பிக்சர்ஸ் வழியே 'காதல்' (2004), 'வெயில்' (2006) ஆகியவற்றைத் தயாரித்தார். தனுஷும் வெற்றிமாறனும் தயாரித்த 'காக்கா முட்டை'யை 2015இல் ஃபாக்ஸ் ஸ்டார் வெளியிட்டது. சென்னைக் குப்பத்துச் சிறுவரின் கதை ஹாலிவுட் பெயர் தாங்கி வந்தது விந்தையே! மறு ஆண்டு, மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நூல் 'விசாரணை'யாகத் திரையேறியது. நம் வட்டத்தில் பலர் படம் பார்த்த பின்னரே அந்நூலைத் தேடிப் படித்தனர்.