'ஈகோ ரிசார்ட்'னு போர்டு வெச்சா போதுமா? புக் பண்றதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க!

வீக் எண்டுக்கு ஈ.சி.ஆர் பக்கம் ரூம் தேடிப் பாருங்க. 'ஈகோ ஃப்ரெண்ட்லி', 'கிரீன் ஸ்டே'ன்னு ஏதாவது ஒரு பச்சை வார்த்தை இல்லாத ரிசார்ட் கிடைப்பதே கஷ்டம். உள்ளே போனால் பாத்ரூமில் ஓர் அட்டை தொங்கும்: 'டவலை மறுபடியும் பயன்படுத்துங்கள், பூமியைக் காப்பாற்றுங்கள்.'

இந்த அட்டைக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்கு. 1983-ல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்க மாணவர், ஃபிஜி தீவின் பீச் ரிசார்ட் ஒன்றில் இதே மாதிரி அட்டையைப் பார்த்தார். கடலையும் பவளப்பாறையையும் காப்பாற்ற டவலை மறுபடி பயன்படுத்தச் சொன்னது அது. ஆனால், அதே ரிசார்ட் அப்போது கடற்கரையில் புதுக் கட்டடங்கள் கட்டி விரிவடைந்துகொண்டிருந்தது. 1986-ல் ஒரு கட்டுரையில் இதற்கு அவர் வைத்த பெயர்தான் 'கிரீன்வாஷிங்'. ஆமாம், அந்த வார்த்தை பிறந்ததே ஒரு பீச் ரிசார்ட்டால்தான்!

டவலை மறுபடி பயன்படுத்துவது தப்பில்லை, தண்ணீர் மிச்சம்தான். கூடவே ரிசார்ட்டுக்கு லாண்டரி செலவும் மிச்சம். மூங்கில் ஸ்ட்ராவும் அப்படித்தான். போட்டோவுக்கு அழகா இருக்கும். நீங்க கேட்க வேண்டியது போட்டோவில் வராத விஷயங்களை.

முதலில் தண்ணீர். கடலோரத்தில் நிலத்தடி நல்ல தண்ணீர், உப்புநீருக்கு மேலே ஒரு மெல்லிய அடுக்காகத்தான் நிற்கும். நீச்சல்குளத்துக்கும் புல்வெளிக்கும் போர் போட்டு அளவுக்கு மீறி உறிஞ்சினால் உப்புநீர் மேலேறி வரும். ஒருமுறை உப்பான கிணறு லேசில் பழைய நிலைக்குத் திரும்பாது. நாம ரெண்டு நாள்ல கிளம்பிடுவோம். அந்தத் தண்ணியைக் குடிக்கப்போறது பக்கத்து மீனவக் குப்பம். அதனால் 'தண்ணி எங்கிருந்து வருது, கழிவுநீரைச் சுத்திகரிச்சு தோட்டத்துக்கு விடுறீங்களா?'ன்னு நேராகவே கேளுங்க.

அடுத்து லைட். ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கரையோரம் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வரும். சுமார் 45 முதல் 60 நாளில் வெளிவரும் குஞ்சுகள், வெளிச்சமான பக்கம்தான் கடல்னு நம்பி நகரும். பீச்சைப் பார்த்து ஃபோகஸ் லைட் எரிந்தால் ரிசார்ட் பக்கமோ, ரோட்டுப் பக்கமோ போய்ச் சாகும். சீசனில் கடல் பக்க விளக்கை அணைக்கிற ரிசார்ட்டுக்குத் தாராளமா ஐந்து ஸ்டார் கொடுக்கலாம்.

சர்ட்டிஃபிகேட் காட்டினால்? எதற்குக் கொடுத்ததுன்னு பாருங்க. சென்னைக்கு அருகே கோவளத்துக்கு 2021-ல் கிடைத்த 'ப்ளூ ஃப்ளாக்' அந்தக் கடற்கரைக்கானது, பக்கத்து ஹோட்டல்களுக்கு அல்ல. ஹோட்டல்களுக்கு அதே அமைப்பு தருவது 'கிரீன் கீ'.

இந்தியாவில் 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கிரீன்வாஷிங்குக்கு எதிரான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதன்படி 'ஈகோ ஃப்ரெண்ட்லி'ன்னு சும்மா சொல்லிவிட முடியாது, ஆதாரம் வேணும். ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அதற்காகவே விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க, கேள்விகளை போனில் கேட்காம வாட்ஸ்அப்பில் அனுப்புங்க.