குறைமாதக் குழந்தையின் மூளையும் தமிழ் மருத்துவக் கல்வியும்

யாழ்ப்பாணத்தில் மேனாட்டுப் பிள்ளைப்பேற்று மருத்துவம் தமிழ் நூலுருப் பெற்றது 19ஆம் நூற்றாண்டிலாகும். 1847இல் இங்கு வந்து மானிப்பாயிற் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சமுவேல் பிஸ்க் கிறீன், மோன்செல் என்பாரின் பிரசவ வைத்திய நூலின் தமிழாக்கத்தை 1857இல் வெளியிட்டார். 1860களில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கவும் தலைப்பட்டார்.

எனினும், உயிரோடிருக்கும் சிசுவின் மூளையைக் காண அன்று வழியிருக்கவில்லை. இறந்தபின் அறுத்தே அறிந்தனர். 1971இல் இங்கிலாந்தில் சி.டி. கருவி முதன்முறையாக நோயாளரிடம் பயன்பட்டது. 1978இல் அமெரிக்காவில் பபீல் குழுவினர் அக்கருவியால் 1500 கிராமிற் குறைந்த 46 சிசுக்களை ஆராய்ந்து, 20 சிசுக்களின் மூளையிற் குருதிக்கசிவைக் கண்டனர். அவற்றுட் சிலவற்றிற் புறக்குறி எதுவும் தோன்றவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. அடுத்து, உச்சிக்குழி வழியாகக் கழியொலி அலை செலுத்திப் படமெடுக்கும் முறை பரவியது. என்பு மூடாத அவ்விடமே மூளைக்குச் சாளரமாயிற்று. 24 வாரத்தில் ஏறத்தாழ மழமழப்பாகவுள்ள மூளை, 40 வாரத்தில் மடிப்புகள் செறிந்து காணப்படுதலைக் காந்தப் படங்கள் பின்னர் தெளிவாக்கின.

அதே 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தோன்றியது; போதனாமொழி ஆங்கிலமாயிற்று. ஆயினும் படத்தின் பொருளை அறியக் காத்திருப்பவள் தாயன்றோ? ‘மூளையிற் குருதிக்கசிவு’ என்று மட்டுங் கூறின் அவள் அஞ்சுவாள். சிறு கசிவு எது, பெருங்கசிவு எது என்பதை அவளுக்கு விளங்கும் தமிழிற் கூறுதல் வேண்டும். கிறீன் தொடங்கிய பணி இன்னும் முற்றுப்பெறவில்லை எனலாம்.