வீடா, சானடோரியமா? நாலு கட்டத்துக்குள் ஒரு வழக்கு

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மெத்தனால் கலந்த சாராயம், அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். குடித்ததுக்கும் சாவுக்கும் தொடர்பு உண்டா என்று கண்டுபிடிக்க அங்கே எந்தப் புள்ளியியல் சோதனையும் தேவைப்படல. தெருவுக்கே தெரிந்திருந்தது.

பெரும்பாலான நோய்களில் விஷயம் இவ்வளவு பளிச்சென்று தெரியாது. நல்ல வைத்தியம் கிடைத்தவர்களிலும் சிலர் தேறுவதில்லை. கிடைக்காதவர்களிலும் சிலர் தேறிவிடுகிறார்கள். அப்போதுதான் நாலு கட்டம் போட்டு ஆட்களை எண்ண வேண்டி வருது. அப்படி எண்ணியதில் நம் மாநிலத்தில் நடந்த மிகப் பெரிய காரியம், என் கணக்கில், சென்னைக் காசநோய் ஆய்வுதான்.

1950களில் டிபி என்றால் சானடோரியம். நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, சுத்தமான காற்று, குடும்பத்திலிருந்து விலகி மாதக்கணக்கில் படுக்கை. நாட்டில் இருந்த நோயாளிகளுக்கு அந்தப் படுக்கைகள் ஒரு மூலைக்கும் போதாது. அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த கல்வராயன் மலையை நினைத்துப் பாருங்க. வெள்ளிமலையிலிருந்து ஒரு தகப்பன் இறங்கிப்போய் ஒரு வருஷம் படுத்துவிட்டால் காட்டு வேலையை யார் பார்ப்பது?

1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து நடத்தியவை. முன்னின்றவர் வாலஸ் ஃபாக்ஸ். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரை, சீட்டுக் குலுக்கிய மாதிரி, இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி வீட்டில், மறு பாதி சானடோரியத்தில். மருந்து இருவருக்கும் ஒன்றே: ஐசோனியசிடும் பாஸும், ஒரு வருஷம். வீட்டில் இருந்தவர்களுக்கோ நெரிசல், அரைகுறைச் சாப்பாடு, வேலை.

முடிவு 1959இல் வெளியானது. நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம்.

ஆறு சதவீதம் குறையுதே, அப்போ வீடு மோசம்தானே? இங்கேதான் 1900இல் கார்ல் பியர்சன் கொடுத்த கை-வர்க்கச் சோதனை உதவிக்கு வருது. எளிமைக்காகப் பக்கத்துக்கு 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். இடத்துக்கும் குணத்துக்கும் சம்பந்தமே இல்லையென்றால் இரண்டு பக்கமும் 89 பேர் தேற வேண்டும், 11 பேர் தேறாமல் இருக்க வேண்டும். நாம் பார்த்தது 92, 86. ஒவ்வொரு கட்டத்திலும் வித்தியாசம் 3. அதன் வர்க்கம் 9ஐ எதிர்பார்த்த எண்ணால் வகுத்து நாலையும் கூட்டினால் சுமார் 1.84. நாலு கட்ட அட்டவணைக்கு வழக்கமான எல்லைக்கோடு 3.84. தாண்டல. இந்த அளவு வித்தியாசம் குலுக்கலிலேயே வந்துவிடக்கூடும்.

(அந்த 3.84க்கும் ஒரு கதை உண்டு. இந்த அட்டவணைக்கு விடுதலைப் படிகளைப் பியர்சன் 3 என்று எடுத்திருந்தார். டைஃபாய்டு, காலரா தடுப்பூசிக் கணக்குகளை 1915இல் அலசிய கிரீன்வுட்டும் யூலும் எதுவோ இடிக்கிறது என்று கவனித்தார்கள். 1922இல் ஃபிஷர் 1தான் சரி என்று காட்டினார். பியர்சனுக்கு அது பிடிக்கவில்லை.)

ஆனால் இதை வைத்து "வித்தியாசமே இல்லை" என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதே சதவீதங்கள், பக்கத்துக்கு 1000 பேர் இருந்திருந்தால்? கூட்டு 18.4 ஆகியிருக்கும், எல்லைக்கோடு எங்கேயோ பின்னால் போயிருக்கும். சோதனை சொன்னது இவ்வளவுதான்: இத்தனை பேரை வைத்து வித்தியாசம் உண்டென்று உறுதியாகச் சொல்ல முடியாது.

அதனால் எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் அந்த ஒரு அட்டவணையோடு நிற்காததுதான். வீட்டில் நோயாளியை வைத்திருந்தால் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமே என்பதுதான் எல்லோருடைய பயமும். குடும்பத்தாரையும் சோதித்துப் பார்த்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பங்களில் நோய் கூடுதலாக வரவில்லை. சிகிச்சை தொடங்கும் முன்பே பரவியிருந்ததுதான் பெரும்பாலும். ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தபோதும் வீட்டுக்காரர்கள் பின்தங்கவில்லை.

அதன் பிறகு பல நாடுகள் சானடோரியத்தைக் கைவிட்டன. இன்று வெள்ளிமலையில் ஒருவருக்கு டிபி என்றால் பெரும்பாலும் மாத்திரையோடு வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில் நிலையத்தின் பெயர் மட்டும் இன்னமும் சானடோரியம்.