ஆல்ட்-டேப்பா, கமாண்ட்-டேப்பா? கணினித் திரையில் ஒரு நாற்பதாண்டுப் போட்டி

பல ஆண்டுகள் விண்டோஸ் கணினியில் பழகிய ஓர் அலுவலக ஊழியரை மெக்கிண்டோஷ் கணினியின் முன் உட்கார வைத்தால் என்ன நடக்கும்? முதல் நாளே ஒரு தடுமாற்றம் வரும்.

அவர் மூன்று கடிதங்களைத் திறந்து வைத்திருப்பார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக, விண்டோஸில் ஆல்ட் விசையோடு டேப் விசையை அழுத்துவது அவர் பழக்கம். அதே நினைப்பில் இங்கே கமாண்ட் விசையோடு டேப்பை அழுத்துவார். திரையின் நடுவே சின்னங்கள் வரிசையாகத் தோன்றும். ஆனால், மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு சின்னம்தான் இருக்கும்! கீழே சுருக்கி வைத்த கடிதமோ அந்தச் சின்னத்தைத் தேர்ந்தெடுத்தாலும் எழுந்து வராது. 'காலையிலிருந்து தட்டச்சு செய்ததெல்லாம் அழிந்துவிட்டதோ?' என்ற பயம் அவரைப் பிடித்துக்கொள்ளும்.

எதுவும் அழியவில்லை. அந்த ஊழியர் திறமை குறைந்தவரும் அல்லர். விண்டோஸ், 'எந்தச் சாளரம் வேண்டும்?' என்று கேட்கிறது. மெக்கிண்டோஷ், 'எந்த மென்பொருள் வேண்டும்?' என்று கேட்கிறது. ஒரே செயல் போலத் தோன்றும் இரண்டு விசை அழுத்தங்களுக்குப் பின்னால் இரண்டு வேறு கேள்விகள் இருக்கின்றன. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? அதன் வரலாறு சுவையானது.

ஒரு நேரத்தில் ஒரு வேலை

கணினித் திரையைச் சாளரங்களாகப் பிரிக்கும் எண்ணம் ஆப்பிள் நிறுவனத்திலோ மைக்ரோசாப்ட் நிறுவனத்திலோ பிறந்ததல்ல. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி, சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் நடத்திய புகழ்பெற்ற செயல்விளக்கத்திலேயே மவுசும், பகுதிகளாகப் பிரிந்த திரையும் காட்டப்பட்டன. பிறகு 1970-களில், கலிபோர்னியாவில் உள்ள சீராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில், மேசைமீது தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுவதுபோல் சாளரங்களை அடுக்கும் முறை உருவானது.

அந்த முறையைச் சாதாரண மக்களின் மேசைக்குக் கொண்டு வந்தது, 1984-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் தேதி வெளியான மெக்கிண்டோஷ். அதன் விலை 2,495 அமெரிக்க டாலர். நினைவகமோ வெறும் 128 கிலோபைட். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதற்குள் அடங்காது.

இவ்வளவு சிறிய நினைவகத்தில் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் ஓட முடியும். கடிதம் எழுதும் மேக்ரைட்டிலிருந்து படம் வரையும் மேக்பெயிண்டுக்குப் போக வேண்டுமென்றால், முதலாவதை மூடிவிட்டுத்தான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். கணக்குப்பொறி, கடிகாரம் போன்ற சில சின்னஞ்சிறு கருவிகளுக்கு மட்டுமே விதிவிலக்கு. அதனால், திரையின் உச்சியில் ஒரே ஒரு கட்டளைப் பட்டை போதுமானதாக இருந்தது. எந்த மென்பொருள் ஓடுகிறதோ, அந்தப் பட்டை அதற்குச் சொந்தம்.

மெக்கிண்டோஷை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட். ஆப்பிளை விட்டு விலகிய பிறகு, அவர் 'சுவிட்சர்' என்ற மென்பொருளை எழுதினார். 512 கிலோபைட் நினைவகத்தோடு வந்த புதிய மெக்கிண்டோஷில் அது பல மென்பொருள்களை ஒரே சமயத்தில் நிறுத்தி வைத்தது. ஒரு அம்புக்குறியைச் சொடுக்கினால் போதும். முழுத் திரையும் பக்கவாட்டில் நகர்ந்துபோய் அடுத்த மென்பொருள் வந்து நிற்கும். 1985-இல் ஆப்பிளே அதை வெளியிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுவிட்சரில் மாறியது சாளரம் அல்ல, முழு மென்பொருள். 1987-இல் மல்டிஃபைண்டரும், 1991-இல் சிஸ்டம் 7-உம் வந்து பல மென்பொருள்களின் சாளரங்களை ஒரே திரையில் காட்டிய பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை. சிஸ்டம் 7-இன் வலது மூலையில் இருந்த பட்டியல், ஓடுகின்ற மென்பொருள்களின் பெயரைத்தான் சொன்னது. திறந்திருந்த தாள்களின் பெயரைச் சொல்லவில்லை. நினைவகப் பற்றாக்குறையில் பிறந்த வழக்கம், நினைவகம் பெருகிய பிறகும் நிலைத்துவிட்டது.

வரிசையா, அடுக்கா?

விண்டோஸ் வேறு வழியில் வந்தது. 1985-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் தேதி வெளியான முதல் விண்டோஸில், சாளரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறவே முடியாது. தரையில் ஓடு பதித்ததுபோல் பக்கம் பக்கமாக நிற்கும். அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய ஸ்காட் மெக்ரிகோர், சீராக்ஸ் பார்க்கில் பணியாற்றி வந்தவர்.

ஓடு முறையில் ஒரு நன்மை இருந்தது. திறந்திருப்பது எதுவும் மறையாது. சுருக்கி வைத்த மென்பொருள்கள் திரையின் அடியில் சின்னங்களாக வரிசையில் நிற்கும். ஆனால், நான்கு சாளரங்களைத் திறந்தாலே ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும் என்பதே குறை.

1987 டிசம்பரில் விண்டோஸ் 2.0 வந்தபோது, சாளரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. இடம் தாராளமாகக் கிடைத்தது; கூடவே ஒரு தொல்லையும் வந்தது. மேலே உள்ள சாளரம் கீழே உள்ளதை மறைத்தது. அடியில் நின்ற சின்னங்களையும் மறைத்தது. மறைந்ததை எப்படித் தேடிப் பிடிப்பது என்ற கேள்வி பெரிதாகிவிட்டது.

நீதிமன்றம் ஏறிய சாளரங்கள்

அந்தக் கேள்விக்கு விடை வருவதற்குள் வழக்கு வந்தது. 1988-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் தேதி, மெக்கிண்டோஷின் தோற்றத்தை நகல் எடுத்துவிட்டதாக மைக்ரோசாப்ட், ஹியூலட்-பேக்கர்ட் ஆகிய நிறுவனங்கள்மீது ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. 189 அம்சங்கள் பட்டியலிடப்பட்டன. அவற்றில் 179 அம்சங்களைப் பயன்படுத்த 1985-இல் ஆப்பிள் கையெழுத்திட்ட ஒப்பந்தமே அனுமதி கொடுத்திருந்தது என நீதிமன்றம் கூறியது. எஞ்சியவை பத்து. அவற்றுள் ஒன்று, சாளரங்கள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கப்படும் முறை!

மேசைமீது தாள்களை அடுக்குவது யாருக்குச் சொந்தம்? பல ஆண்டு வாதத்திற்குப் பிறகு ஆப்பிள் தோற்றது. 1994-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1995 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. அடுக்கும் முறை எல்லாருக்கும் பொதுவானது. இனிப் போட்டி, அடுக்கில் மறைந்ததை யார் எளிதாக எடுத்துக் கொடுப்பது என்பதில்தான்.

கண்ணில் படாதது காணாமல் போனது

1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இல் ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு டேப்பைத் தட்டினால், திரையின் நடுவே ஒரு சிறு பெட்டியில் அடுத்த மென்பொருளின் பெயர் தோன்றியது. விவரம் தெரிந்தவர்கள் அதை விரைவாகப் பயன்படுத்தினார்கள். புதியவர்களோ அப்படி ஒரு வழி இருப்பதையே அறியவில்லை.

அடுத்த விண்டோஸைத் திட்டமிட்டபோது, மைக்ரோசாப்ட் பொதுமக்களை அழைத்து வந்து, கணினி முன் உட்கார வைத்துக் கவனித்தது. அந்தச் சோதனைகளை விவரித்து கெண்ட் சல்லிவன் 1996-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் தெரிய வந்த உண்மை மிக எளிமையானது. ஒரு சாளரம் சுருங்கினாலோ வேறொன்றின் பின்னால் மறைந்தாலோ, புதியவர்கள் அது போய்விட்டது என்றே நினைத்தார்கள். கண்ணில் படாதது அவர்களுக்குக் காணாமல் போனதுதான்.

இதற்குத் தீர்வாக, 1995 ஆகஸ்டு 24-ஆம் தேதி வெளியான விண்டோஸ் 95-இன் அடியில் பணிப்பட்டை வந்தது. திறந்திருக்கும் ஒவ்வொரு சாளரத்திற்கும் அதில் ஒரு பொத்தான். பொத்தானில் பெயர் எழுதியிருக்கும். தொலைக்காட்சியில் அலைவரிசை மாற்றுவதுபோல வேலை மாற்றுவதும் எளிதாக இருக்க வேண்டும் என்பதே மைக்ரோசாப்ட் சொன்ன நோக்கம். 'சாளரத்துக்கு ஒரு பொத்தான்' என்ற விதி அப்போதுதான் கோடிக்கணக்கான மக்களின் விரல்களில் ஊறியது.

மேசைக்குப் பதில் அறைகள்

சாளரம், மென்பொருள் என்ற இரண்டையும் தாண்டி மூன்றாவது விடை ஒன்றும் இருந்தது. 1986-இல் சீராக்ஸ் பார்க்கைச் சேர்ந்த ஆஸ்டின் ஹென்டர்சன், ஸ்டுவர்ட் கார்ட் ஆகிய இருவரும் 'ரூம்ஸ்' என்ற முறையை அறிமுகப்படுத்தினார்கள். மனிதர்கள் ஒரு வேலைக்கு ஒரு சாளரத்தை மட்டும் பயன்படுத்துவதில்லை. கணக்கு முடிக்க நான்கு சாளரங்கள், கடிதம் எழுத மூன்று சாளரங்கள் என்று கூட்டமாகவே பயன்படுத்துகிறார்கள். ஆகவே, ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அறை கொடுத்துவிட்டால், சாளரங்களை ஒவ்வொன்றாகத் தேடும் அலைச்சல் குறையும் என்பது அவர்களின் வாதம்.

இந்த எண்ணத்தை முதலில் அரவணைத்தது யூனிக்ஸ், லினக்ஸ் உலகம். 1996-இல் தொடங்கிய கேடிஈ, 1997-இல் தொடங்கிய க்னோம் ஆகிய திரைச்சூழல்களில், பல மேசைகளை வைத்துக்கொள்ளும் வசதி நெடுங்காலமாக இருந்து வந்தது. ஆப்பிள் இதை 2007-இல் 'ஸ்பேசஸ்' என்ற பெயரில் சேர்த்தது. விண்டோஸ் 10 இதை எல்லாருக்கும் தெரியும்படி முன்வைத்தது 2015-இல்தான். ஆய்வுக்கூடத்திலிருந்து சாதாரண அலுவலக மேசைக்கு வர, அறைகளுக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பிடித்தன.

கொடுக்கல் வாங்கல்

2001-க்குப் பிறகு நடந்தவை வேடிக்கையானவை. போட்டியாளர்கள் இருவரும் எதிரியின் விடையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள்.

2001 மார்ச்சில் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ், மென்பொருள் சின்னங்களைத் தாங்கும் டாக் பட்டையைக் கொண்டு வந்தது. அதற்குள்ளும் சுருக்கிய சாளரங்களுக்கு ஒரு மூலையில் இடம் கொடுத்தது. 2003-இல் 'எக்ஸ்போஸே' வந்தது. எஃப்9 விசையைத் தட்டினால், திறந்திருக்கும் எல்லாச் சாளரங்களும் சிறிதாகி ஒரே பார்வையில் விரியும். பழைய ஓடு முறையின் நன்மையை, தேவைப்படும் நேரத்தில் மட்டும் திருப்பித் தந்த யோசனை அது.

விண்டோஸ் மறுபக்கமாக நடந்தது. பொத்தான்கள் பெருகிப் பணிப்பட்டை நிரம்பியதால், 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி ஒரே மென்பொருளின் சாளரங்களைக் குழுவாக்கியது. 2009-இல் விண்டோஸ் 7, பெயர்களை எடுத்துவிட்டுச் சின்னங்களை மட்டும் வைத்தது. பார்ப்பதற்கு ஆப்பிளின் டாக் போலவே இருந்தது. விரும்பியவர்கள் பெயர்களைத் திரும்பக் கொண்டு வரலாம் என்ற வழி மட்டும் இருந்தது. 2021-இல் வந்த விண்டோஸ் 11 அந்த வழியையும் அடைத்தது. பயனீட்டாளர்கள் விடாமல் கேட்டார்கள். 2023-இல் மைக்ரோசாப்ட் அதைத் திருப்பிக் கொடுத்தது.

லினக்ஸிலும் இதே கதைதான். 2011 ஏப்ரலில் வந்த க்னோம் 3, பணிப்பட்டையை எடுத்துவிட்டு, ஆல்ட்-டேப்பை மென்பொருள்களுக்கு உரியதாக மாற்றியது. எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அதை வெளிப்படையாகச் சாடிவிட்டு வேறு திரைச்சூழலுக்கு மாறினார். பழைய முறையை விட மறுத்தவர்கள் மாட்டே, சினமன் என்ற புதிய திரைச்சூழல்களையே உருவாக்கிவிட்டார்கள்.

ஒரு பட்டைக்காக இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். அது பட்டையைப் பற்றிய கோபம் அல்ல. நாள் முழுவதும் நூற்றுக்கணக்கான முறை செய்யும் ஒரு செயல், யோசிக்காமலேயே விரலில் வருகிறது. அதை மாற்றினால், ஒவ்வொரு முறையும் வேலையை நிறுத்தி, யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சேர்த்த பயிற்சியை யாரோ ஒருநாளில் பறித்துக்கொண்டதுபோல் ஆகிவிடுகிறது.

எது சிறந்தது?

பத்துக் கடிதங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பவருக்குச் சாளரக் கணக்கு வசதி. கடிதம், கணக்கு, படம் என்று வெவ்வேறு மென்பொருள்களுக்குள் போய் வருபவருக்கு மென்பொருள் கணக்கு வசதி. ஆகவே, ஒரே தீர்ப்பு சொல்ல இயலாது. இணைய உலாவிக்குள் இருபது பக்கங்கள் திறந்து கிடக்கும் காலத்தில், 'சாளரம் எது?' என்ற கேள்வியே குழம்பிவிட்டது. 2020 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு, எட்ஜ் உலாவியின் பக்கங்களையும் ஆல்ட்-டேப் வரிசையில் சேர்த்துக்கொண்டது.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். தொடக்கத்தில் பார்த்த அந்த ஊழியருக்குத் தேவைப்பட்டது இரண்டே குறிப்புகள். டேப் விசைக்கு மேலே உள்ள விசையைக் கமாண்டோடு அழுத்தினால், ஒரே மென்பொருளின் சாளரங்கள் மாறும். சுருக்கி வைத்தது டாக் பட்டையில் பத்திரமாக இருக்கும். இதை அவருக்கு யாராவது அரை நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவரோ, வீட்டில் கணினி கற்கும் பெற்றோரோ 'காணாமல் போய்விட்டது' என்று பதறும்போது, அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சிரிக்க வேண்டாம். உலகின் பெரிய கணினி நிறுவனங்கள் நாற்பது ஆண்டுகளாகத் தீர்க்கப் பாடுபடும் சிக்கலில்தான் அவர்களும் மாட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, மறைந்ததை எடுத்துக் காட்டினால் போதும். அடுத்த முறை அவர்களே தேடி எடுத்துக்கொள்வார்கள்.