ரசம் போன கண்ணாடியும் ஒரு கிராம் அலுமினியமும்

மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்கு வந்தவர்கள், அங்கே பழம்பொருள் கடைகளில் கறுப்புப் புள்ளி விழுந்த பழைய நிலைக்கண்ணாடிகளைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை, பின்னால் இருக்கும் உலோகம்தான் கெட்டது. கண்ணாடியில் உலோகத்தை ஒட்டவைப்பது லேசான காரியமில்லைங்க. (ஆரன்முளைக்காரர்கள் கண்ணாடியே வேண்டாம் என்று செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தையே மெருகேற்றிவிட்டார்கள். அது தனிக்கதை.)

ஐரோப்பாவில் முந்நூறு வருஷம்போல வெள்ளீயத் தகட்டில் பாதரசம் ஊற்றித்தான் கண்ணாடி செய்தார்கள். 'ரசம் போன கண்ணாடி' என்கிறோமே, அந்த ரசம் இதுதான். அதன் ஆவியை மூச்சில் இழுத்த தொழிலாளிகளுக்குக் கை நடுங்கியது, பல் விழுந்தது. 1835-ல் லீபிக் கரைசலிலிருந்து வெள்ளியைப் படிய வைத்துக் காட்டினார். அப்புறமும் பாதரசம் ஒழியப் பல பத்தாண்டுகள் ஆயின. விஷம் என்று தெரிந்தேதான் இத்தனை தாமதம்!

ஆவியையே வேலைக்கு வைத்துக்கொள்ளும் முறை பிறகு வந்தது. 1912-ல் போல், பிரிங்ஸ்ஹைம் இருவரும் வெற்றிடத்தில் உலோகத்தை ஆவியாக்கிக் கண்ணாடியில் படிய வைத்தார்கள். 1930-களில் ஜான் ஸ்ட்ராங் அலுமினியத்தில் இதைச் செய்தார். 1935-ல் மவுண்ட் வில்சனின் 100 அங்குல தொலைநோக்கி ஆடிக்கே அலுமினியம் பூசினார்கள்.

எனக்குச் சொந்த ஊர் வாணியம்பாடி. பக்கத்தில் ஜவ்வாது மலையில் காவலூர். 1986 ஜனவரி 6-ல் ராஜீவ் காந்தி திறந்துவைத்த வைணு பாப்பு தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. ஆடி 2.34 மீட்டர். பூச்சு மங்கினால் கழுவி எடுத்துவிட்டு, வெற்றிடக் கலத்தில் வைத்து மறுபடி பூச வேண்டும். காமர்ஸ் படித்தவன் சும்மா இருப்பேனா, கணக்குப் போட்டேன். 0.1 மைக்ரான் தடிமன் என்றால், முழு ஆடியிலும் ஒட்டியிருப்பது ஒரு கிராம் சொச்சம் அலுமினியம்!

பிரதிபலிக்க அது போதும். ஆனால் கண்ணாடியிலோ பீங்கானிலோ ஒரு கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டுமானால் அலுமினியம் உதவாது. காற்று பட்டதும் அதன்மேல் ஆக்சைடு தோல் படர்ந்துவிடும், சால்டர் ஒட்டாது. தங்கத்தை நேரே பூசினால் உரிந்து வரும். அதனால் முதலில் குரோமியம் பூசுவார்கள். அது கண்ணாடியில் உள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் நிக்கல். நிக்கல் கெடாமலிருக்க மேலே துளித் தங்கம். சால்டர் உருகியதும் தங்கம் அதில் கரைந்துவிடும், இணைப்பு நிக்கலோடுதான். கரைந்து போவதற்கென்றே வைக்கிற தங்கம்!

அதே 0.1 மைக்ரான் தடிமனில் ஒரு பவுன் தங்கத்தைப் பரப்பினால் நாலு சதுர மீட்டர் வரும். எங்கள் கிளை நகை மதிப்பீட்டாளரிடம் அதை அடகுக்குக் கொண்டுவந்தால், உரைகல்லில் ஒரே தேய்ப்பில் தேய்த்த இடத்துத் தங்கம் காலி :-)